ஃபெடரல் கோர்ட்டில் எந்த வழக்கு நிற்கும்? அமெரிக்க சிவில் நடைமுறை கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ்): வீட்டைப் புதுப்பிக்க 60,000 டாலர் வாங்கிய காண்ட்ராக்டர் பாதியில் விட்டுவிட்டார். அவரும் டெக்சாஸ்காரர்தான். ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குள் நுழைய முக்கியமாக இரண்டே வழி. ஒன்று, உங்கள் உரிமை ஃபெடரல் சட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். மற்றது, வாதிகள் தரப்பில் ஒருவரும் பிரதிவாதிகள் தரப்பில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது வழியில் கோரும் தொகையும் வட்டி, கோர்ட் செலவு நீங்கலாக 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். சரியாக 75,000 என்றாலும் போதாது. உங்களுடையது ஒப்பந்த மீறல், அதாவது மாநிலச் சட்டம். மாநில நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): நான் எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியக் குடிமகன். எதிராளி நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். கேட்கும் தொகை 2 லட்சம் டாலர். கிரீன் கார்டு வந்துவிட்டால் ஏதாவது மாறுமா?

பதில்: மாறும். இன்று நீங்கள் வெளிநாட்டவர், அவர் ஒரு மாநிலக் குடிமகன். ஃபெடரல் கோர்ட் எடுத்துக்கொள்ளும். கிரீன் கார்டு பெற்று நியூஜெர்சியிலேயே நிலையாகக் குடியிருந்தால், நியூஜெர்சிக்காரர் மீது அந்த வழி அடைபடும். வழக்குத் தாக்கலான நாளில் இருந்த நிலைதான் கணக்கு.

பலர் தவறவிடுவது இன்னொன்று. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு சென்னைக்கே நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர் எந்த மாநிலத்தவரும் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல. அப்படி ஒருவர் எந்தத் தரப்பில் இருந்தாலும் இந்த வழி மூடிவிடும். உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது இது.

கேள்வி: எதிராளி டெலவேர் மாநிலத்தில் பதிவான எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்). நான் ஓஹையோ. மாநிலம் வேறுதானே?

பதில்: பதிவான இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்எல்சிக்கு அதன் உறுப்பினர் ஒவ்வொருவரின் மாநிலமும் ஒட்டிக்கொள்ளும். உறுப்பினரே இன்னொரு எல்எல்சி என்றால் அதற்குள்ளும் தோண்ட வேண்டும். எங்கோ ஒரு ஓஹையோக்காரர் இருந்தால் வழக்கு விழும், அதுவும் தீர்ப்புக்குப் பிறகுகூட. இதனால்தான் 2022 டிசம்பர் முதல் இவ்வகை வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் குடியுரிமை விவரத்தைத் தொடக்கத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். கார்ப்பரேஷனுக்கு இந்தச் சிக்கல் இல்லை: பதிவான மாநிலம், தலைமை அலுவலகம் உண்மையில் இயங்கும் மாநிலம், அவ்வளவே.

கேள்வி: எதிராளி ஒரு ஃபெடரல் சட்டத்தைக் காட்டித்தான் தப்பிக்கப் பார்ப்பார். அது போதுமா?

பதில்: போதாது. உங்கள் பிராதிலேயே ஃபெடரல் உரிமை இருக்க வேண்டும். ரயில்வே கம்பெனி தந்த இலவச பாஸை இழந்த மாட்லி தம்பதியின் வழக்கை 1908-இல் உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காகத் தள்ளியது. இரு தரப்புமே கோர்ட்டின் அதிகார வரம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை, நீதிமன்றமே எழுப்பியது.

கேள்வி (பீனிக்ஸ்): 3-ஆம் தேதி சம்மன் கையில் கொடுத்தார்கள். எப்போதோ ஒருமுறை போன மாநிலத்தில் வழக்கு. என்ன செய்ய?

பதில்: 21 நாள் கெடு. 3-ஆம் தேதியை விட்டு எண்ணுங்கள். 24-ஆம் தேதி கடைசி. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்; கடைசி நாள் விடுமுறையானால் மட்டும் அடுத்த வேலைநாள். தவறினால் எதிர்ப்பின்றியே தீர்ப்பு வரும் நிலைக்குப் போய்விடும்.

'என் மீது இந்த மாநிலக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை', 'இடம் தவறு', 'சம்மன் சார்பு (சம்மனை என்னிடம் சேர்த்த விதம்) முறையாக இல்லை' என்பவற்றை முதல் மனுவிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். மனு போடாவிட்டால் எதிருரையில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டது விட்டதுதான். வழக்கின் பொருள் மீதே கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபம் மட்டும் எப்போதும் சாகாது. இரு தரப்பும் சம்மதித்தாலும் அந்த அதிகாரம் பிறக்காது.

கேள்வி: பிரதிவாதி கோயம்புத்தூரில். பதிவுத் தபாலில் சம்மன் அனுப்பலாமா?

பதில்: கூடாது. வெளிநாட்டில் சம்மன் சேர்ப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் தபால் வழிக்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்துள்ளது. டெல்லியில் சட்ட அமைச்சகத்தின் மைய அதிகார அமைப்பு வழியாகத்தான் அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். வெளிநாட்டுச் சார்புக்கு வழக்கமான 90 நாள் கெடு பொருந்தாது என்பது ஆறுதல். முதலில் முறைப்படி சம்மன் சார்பு தேவையில்லை என்று தானே விட்டுக்கொடுக்கும்படி அவருக்குக் கோரிக்கை அனுப்பிப் பாருங்கள்: ஒப்புக்கொண்டால் பதிலுரைக்கு அவருக்கு 90 நாள் கிடைக்கும். மறுத்தால் செலவை அவர் தலையில் கட்ட முடியாது; அந்தத் தண்டனை அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

கேள்வி: மேல்முறையீட்டுக் கெடுவில் நீதிபதி கருணை காட்டுவாரா?

பதில்: சிவில் வழக்கில் 30 நாள், அமெரிக்க அரசு ஒரு தரப்பானால் 60. நீதிபதி கருணை காட்டினாலும் சட்டம் அனுமதித்ததற்கு மேல் செல்லாது. கெடு தவறிய ஒருவருக்கு 14 நாள் தர வேண்டிய இடத்தில் நீதிபதி தவறுதலாக 17 நாள் தந்தார். அவர் 16-ஆம் நாள் தாக்கல் செய்தார். 2007-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. உத்தரவில் உள்ள தேதியை நம்பாமல் சட்டப் பிரிவைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.