பால், முட்டை, மீன் இல்லாமல் கர்ப்ப காலத்துக்கு வேண்டிய அயோடின் கிடைக்குமா?

ஒன்பதாவது வாரம், ஊர் ராணிப்பேட்டை, பிறந்ததிலிருந்து சைவம், பால் குடித்தால் உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது, வீட்டுச் சமையலில் இந்துப்பு மட்டும்தான், அயோடினுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடி மாதம் வருகிறது, கூழ் குடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்துப்பை இன்றைக்கே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம், இது மட்டும் காத்திருக்க வேண்டாம். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் அந்த உப்பில் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு அயோடின் கிடையாது. உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வேறு யாருக்கு எப்படியோ, பாலும் முட்டையும் மீனும் இல்லாத ஒரு கர்ப்பிணிக்கு அது நல்லதல்ல. உங்கள் தட்டில் அயோடின் வர இருக்கும் ஒரே கதவையும் அது அடைத்துவிடுகிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் என் முதல் பிரசவம். புகுந்த வீடு குடியாத்தம் பக்கம். நானும் சைவம், சின்ன வயதிலிருந்தே பால் ஒவ்வாமை. வீட்டில் கல் உப்புதான். தெருவில் வண்டியில் வரும்போது படிக்கணக்கில் வாங்கி, மண் போக அலசி, வெயிலில் காயவைத்து ஜாடியில் கொட்டி வைப்பார்கள். ரேஷனில் வாங்கிய உப்புப் பாக்கெட் மாட்டுக்கு வைக்கும் கழனித் தண்ணீரில்தான் போகும். பத்தாவது வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோது டிஎஸ்எச் கூடுதலாக இருந்தது. தைராய்டு மந்தமானால் ஏறும் அளவு அது. டாக்டரம்மா என் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, "வீட்ல என்ன உப்பும்மா?" என்றார். "கல் உப்புங்க, நல்லா கழுவிட்டுதான் போடுவோம்" என்றேன். "அயோடின் கலந்த கல் உப்பா இருந்தாலும் அது மேலாகத்தான் ஒட்டியிருக்கும். கழுவினா தண்ணியோட போயிடும்மா" என்றார். அதுவரை அந்த உப்பைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

உப்பு மட்டும்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. தைராய்டு கூடக்குறைய ஆவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குறைந்த அளவில் தைராய்டு மாத்திரை கொடுத்தார், அயோடின் உள்ள சத்து மாத்திரை எழுதினார், உப்பை மாற்றச் சொன்னார்.

இப்போது ஏன் இது முக்கியம் என்றால், குழந்தையின் தைராய்டு ஏறக்குறைய 12-வது வாரத்தில்தான் அயோடினைச் சேர்க்கவே தொடங்குகிறது. அந்த அயோடினைக் கொண்டு தனக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைத் தானே ஓரளவு செய்துகொள்ளப் பாதிக் கர்ப்பம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்வது உங்கள் ஹார்மோனை வைத்துத்தான். அதனால் உங்கள் தைராய்டு வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதலாக வேலை செய்ய வேண்டும். சிறுநீரிலும் அயோடின் அதிகமாக வெளியேறும். சாதாரணப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைபாடு கடுமையானால் கரு கலையலாம், குழந்தையின் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சரி, உப்பை மாற்றினால் மட்டும் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும்போது அயோடின் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம் சேர்த்தால் 75 மைக்ரோகிராம். பாக்கெட்டில் 30 பிபிஎம் இருந்தால் 150. கொதியில் கொஞ்சம் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் 250-ஐ எட்டாது. மற்றவர்களுக்கு மீதி, பாலிலும் தயிரிலும் முட்டையிலும் கடல் மீனிலும் வருகிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி இல்லை. காய்கறியில் அது விளைந்த மண்ணில் இருப்பதுதான் வரும், அதை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். மீதிக்கு மாத்திரைதான் வழி.

மாத்திரையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் இல்லை. அதைக் கட்டாயம் சாப்பிடுங்கள், ஆனால் அயோடினும் அதிலேயே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்ப காலச் சத்து மாத்திரைகளில் சிலவற்றில் அயோடின் உண்டு, சிலவற்றில் இல்லை. அட்டையைத் திருப்பிப் பொட்டாசியம் அயோடைடு என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு எழுதியதில் 150 மைக்ரோகிராம் இருந்தது. ஆனால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். முன்பே தைராய்டு தொந்தரவு இருந்தால் அளவு மாறும், அதனால் டிஎஸ்எச் பார்த்துவிட்டு டாக்டர் எழுதித் தரட்டும். கடல்பாசி மாத்திரை, கடல்பாசிப் பொடி என்று ஆன்லைனில் விற்பதைத் தொடவே வேண்டாம். அதில் அயோடின் எவ்வளவு என்று நிச்சயமில்லை, சில சமயம் மிக அதிகமாக இருக்கும். அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் தைராய்டு மந்தமாகிவிடும்.

தைராய்டு மாத்திரையும் எழுதினால் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, இரண்டு மாதம் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்க வேண்டும், சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ரேஷனில் வருவதும் அயோடின் உப்புதான், விலையும் குறைவு. மூடி போட்ட டப்பாவில் கொட்டி அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்பைச் சேருங்கள்.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் இருக்கிற மாநிலம் நம்முடையது. ஆனால் 2018-19-இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில்தான் மிகக் குறைவு, சுமார் 62 சதவீதம். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. உப்பு விளைகிற இடத்தில் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது, பழக்கமும் விடவில்லை. எங்கள் வீடும் அந்த மீதிக் கணக்கில்தான் இருந்தது.

பெரியவர்களிடம் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். என் அத்தை, "நாங்க பெத்துக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வாதம் செய்யவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சொன்னதை நேரில் கேட்டதும் அன்று சாயங்காலமே பாக்கெட் உப்பு வாங்கி வந்தார். கல் உப்பு ஊறுகாய்க்கு மட்டும் என்று ஆனது. பிரசவத்துக்குப் பிறகு பத்தியச் சாப்பாட்டிலும் அதே உப்பைத்தான் போட்டார். அசைவ வீடுகளில் பால் ஊற பால்சுறாப் புட்டு செய்து தருவார்கள், அது கடல் மீன். நமக்கு அது இல்லாததால் பால் கொடுக்கும் காலத்திலும் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.

அப்புறம் கூழ். அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழைத் தாராளமாகக் குடியுங்கள். கம்பு, மரவள்ளிக்கிழங்கு இரண்டையும்தான் தினமும் பிரதான உணவாக வைத்துக்கொள்ள வேண்டாம். அயோடின் குறைவாக இருக்கும் உடம்பில் தைராய்டின் வேலையை அவை தடுக்கும். வாரத்தில் ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கூழில் போடுகிற உப்பு எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் காய்ச்சினால் புதுப் பாக்கெட்டிலிருந்து போடுங்கள்.