கால்பந்து வர்ணனையாளர் ஒருவர் மீது ஊர்க்காரர்களுக்கு ஏன் இத்தனை பாசம்?

உங்கள் மாமனார் ஊரில் பல்லாண்டுகளாக வானொலியில் கால்பந்து வர்ணனை செய்துவந்த பெரியவர் ஓய்வு பெறுகிறார், அவருக்கு விழா எடுக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசினாலே மாமனார் கண் கலங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "கோல் போட்டவனை விட்டுவிட்டு, கோல் என்று கத்தியவரை ஏன் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் பட்டணத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியிருப்பீர்கள். பேசுபவர் யாரோ, ஆடுபவர் யாரோ. அவர்களில் எவருக்கும் உங்களைத் தெரியாது. நான் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இன்று பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எங்கள் ஆட்டக்காரர்களை வர்ணித்தவருக்கு எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும்.

அவரை ஊரே 'மைக் மாமா' என்று கூப்பிட்டது. தொழில் தோட்டத்து லாரி ஓட்டுவது. போட்டி நாளில் அந்த லாரியைத் திடல் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்துவார். லாரித் தலையில் கூம்பு ஒலிபெருக்கி, லாரி பேட்டரியில் மின்சாரம். மைக்கின் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றி நூலால் கட்டுவார், காற்று இரையக்கூடாது என்று. வாயின் ஓரத்தில் எப்போதும் கற்கண்டும் மிளகும் இருக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு அணிகளிடமும் போவார். பெயர், அப்பா பெயர், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), என்ன வேலை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்வார். வெளித்தோட்டத்துப் பையன்கள் லாரியிலிருந்து இறங்கும் முன்பே அங்கேயும் போய் நிற்பார். தன் ஊர்க்காரனை மட்டும் தூக்கிப் பேசினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நோட்டில் எதிரணிப் பெயர்களும் அதே எழுத்தில், அதே வரிசையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும் என்று தெரியும். கேள்வி வானொலி வர்ணனையாளரைப் பற்றியது, நான் ஒலிபெருக்கிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன் என்பீர்கள். எங்களுக்கு வானொலியும் அவர்தான். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டங்களின் வர்ணனையை ரேடியோ மலேசியாவில் மலாயில் கேட்போம். எங்கள் லயத்துப் பெரியவர்களுக்குச் சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். பந்தின் வேகத்தில் ஓடும் மலாய் அவர்களுக்குப் பிடிபடாது. மைக் மாமா பொதுமண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து, டிரான்சிஸ்டரை இடது காதோடு அணைத்துக்கொண்டு, வலது கையில் மைக்கைப் பிடித்து, கேட்கக் கேட்கத் தமிழில் சொல்லுவார். வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருந்திருக்குமா என்று இன்று யாராவது அளந்து பார்க்க வந்தால் வரட்டும். மலாய் வர்ணனையை நான் குறைத்துப் பேசவும் இல்லை. மறைந்த ஹஸ்புல்லா அவாங்கின் குரலைச் சொன்னாலே முகம் மாறுகிற மலாய் நண்பர்கள் எனக்கு உண்டு. உங்கள் மாமனாரைப் புரிந்துகொள்ள அவர்களைக் கேட்டாலும் போதும்.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தை அப்படித்தான் கேட்டோம். நான் சிறுமி. திண்ணையைச் சுற்றி ஆண்கள் நெருக்கி நின்றார்கள். பெண்கள் அவரவர் வீட்டு வாசலில். கோல் காவலில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக நாடே ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்ட மனிதர். அவர் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மைக் மாமா 'ஆறுமுகம்' என்று இழுத்துச் சொல்லும்போது, என் பாட்டி முருகனைக் கும்பிடுவதுபோல் கைகூப்பினார். சபாவின் ஜேம்ஸ் வோங் வெற்றி கோலைப் போட்டபோது திண்ணையில் இருந்து வந்த சத்தத்தில் மைக் கீழே விழுந்துவிட்டது. (நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போனதற்கான எதிர்ப்பு அது. அரசியல் காரணம் எனக்கும் புரிகிறது, ஆனால் அந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் போய்விட்டார்.)

அந்த ஆட்டத்தில் கொரியாவும் ஒரு கோல் போட்டதே, அதை மாமா எப்படிச் சொன்னார் என்பது என் காதில் நிற்கிறது. "கொரியா ஒன்று போட்டுவிட்டது" என்றார். அவ்வளவுதான். ஆறுமுகத்தின் பெயர் அந்த இடத்தில் வரவில்லை. அப்போது எனக்கு அது ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. புரிய வைத்தது என் அப்பாவின் ஆட்டம்.

அதைச் சொல்வதற்கு முன்பு பெரட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு: விடியற்காலை இருட்டில் தொழிலாளர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள், கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார், அதுதான் பெரட்டு. எங்கள் தோட்டத்தில் முதல்நாள் ரப்பர் பால் குறைந்தவர், மரத்தில் காயம் போட்டவர் பெயரெல்லாம் அங்கேதான் உரக்க வரும். பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், சம்பந்தி முன்னால். என் அப்பா பால் வெட்டுக்காரர். அவருடைய பெயரை நான் சத்தமாகக் கேட்டதெல்லாம் பெரட்டில்தான், அதுவும் ஏதாவது குறையோடு சேர்த்துத்தான்.

பொங்கலை ஒட்டித் தோட்டங்களுக்குள் போட்டி நடக்கும். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் நாங்களும் பக்கத்துத் தோட்டமும். அப்பா பின்கள ஆட்டக்காரர். நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் குறுக்கே வந்த பந்தை வெளியே தட்டிவிடப் போன அப்பா, எங்கள் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார்.

நாங்கள் பெண்கள் எல்லாம் திடலுக்குத் தள்ளி, மழைமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். முன்னால் ஆண்கள் சுவர்போல் நின்றுகொண்டிருப்பார்கள், பந்து கண்ணில் படாது. எங்களுக்கு ஆட்டம் என்பதே அந்தக் கூம்பிலிருந்து வருவதுதான். கால்பந்தைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆஃப்சைடு எது என்பது தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. "யார் அவன்? யார் உள்ளே தட்டினது?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். அம்மா எழுந்து நின்று கூம்பைப் பார்த்தார்.

மைக் மாமா சொன்னது இது: "பந்து வலைக்குள் போய்விட்டது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நேரம் இன்னும் இருக்கிறது, தாய்மார்கள் யாரும் எழுந்துபோக வேண்டாம்."

அம்மா உட்கார்ந்துவிட்டார். தட்டியது யார் என்று எங்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து எதிரணி அடித்த பந்து கோல் காவலரைத் தாண்டிப்போனது. கோட்டின் மேல் நின்ற ஒருவர் காலை நீட்டித் தடுத்து வெளியே அனுப்பினார். அப்போது கூம்பிலிருந்து என் தாத்தாவின் பெயர் வந்தது. தாத்தா பெயர், அவருடைய மகன் என்று என் அப்பாவின் முழுப்பெயர், மூன்றாம் லயம் என்ற விலாசம். அதன் பிறகு, "காலையில் நாலாம் நம்பர் தீம்பார்க் காட்டில் பால் எடுத்த மனிதர், மாலையில் நம் மானத்தை எடுத்து வைத்திருக்கிறார்" என்றார். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் பிள்ளை, என் பிள்ளை" என்றார். அந்த அம்மாள் எதிரணித் தோட்டத்துக்காரர். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கிண்ணம் அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போனது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாமாவிடம் கேட்டேன். "மாமா, அன்றைக்கு அப்பா பெயரை ஏன் சொல்லவில்லை?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவன் மறுநாள் பெரட்டில் நிற்க வேண்டாமா, அம்மா?" என்றார். தப்பு நடந்தால் அதற்குப் பெயர் சொல்வதில்லை, நல்லது நடந்தால் தகப்பன் பெயரோடு சொல்வது. எந்த அணியாக இருந்தாலும் அவருக்கு இதுதான் வழக்கம் என்றார். அப்பா கடைசி வரைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் தாம்பூலத் தட்டை முதலில் மைக் மாமாவிடம் நீட்டியதற்குக் காரணம் கேட்டால் சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.

தோட்ட வாழ்க்கையை நான் பொன்னுலகமாகக் காட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அட்டைக்கடியும் அரைச் சம்பளமும் எனக்கும் தெரியும். அந்த வாழ்க்கை மோசமாக இருந்ததால்தான் அவரைப் போன்ற ஒருவர் எங்களுக்கு அத்தனை பெரியவராகத் தெரிந்தார்.

கல்யாண வீடு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இப்போது நம் கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கியை வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்க்கிறீர்களா? ஆளுயரப் பெட்டிகளைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறார்கள். எதிரில் இருக்கும் சொந்தக்காரர் நலம் விசாரிப்பதைக்கூட வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் மந்திரம் சொல்கிறார், நிகழ்ச்சி நடத்துனர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு யார் யார் கைதட்டவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பொண்ணின் தாய்மாமன் பெயரை மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னார். முன்கூட்டியே போய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? சத்தத்தைக் குறையுங்கள் என்று சொன்ன வயதானவரிடம், வெளியே நாற்காலி போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்த பெரியவரிடம் பேசும் பேச்சா இது? மண்டபம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அந்தப் பெட்டிகளைச் சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். லாரி பேட்டரியில் ஓடிய ஒரே கூம்பை வைத்து ஒரு தோட்டத்தையே கேட்கவைத்தவரைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது பொறுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையை வணிக முறையில் முதன்முதலாக 1917-இல் நட்டது எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். அந்தச் செம்பனை பிறகு எங்கள் ரப்பர் காடுகளுக்குள் வந்தது, கடைசியில் எங்கள் திடலுக்கும் வந்தது. பால்மர வேலை போனது, ஆட்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் பூச்சோங்குக்கும் அடுக்குமாடி தேடிப் போனார்கள். அணி கலைந்தது. அந்தக் கிண்ணங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர் நாலு பேர் ஒரு துக்க வீட்டுக் காடேற்றிலோ கோயில் திருவிழாவிலோ சந்தித்தால், அரைமணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் மைக் மாமா குரலில் பேசத் தொடங்கிவிடுவார். கோல் போட்டவர்கள் யார் என்பதில் எங்களுக்குள் தகராறு வரும். அவர் சொன்னதில் தகராறே வராது.

ஆகவே, உங்கள் மாமனாரிடம் 'அவரை ஏன் இவ்வளவு பிடிக்கும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பதில் வராது. 'அவர் எந்த ஆட்டத்தில் உங்கள் பெயரைச் சொன்னார்?' என்று கேளுங்கள். மாமனார் ஆடாதவராக இருந்தால், அவர் அண்ணன் தம்பி யாருடைய பெயராவது இருக்கும். விழாவுக்கு அவரை நீங்களே காரில் கூட்டிக்கொண்டு போங்கள், நேரத்தோடு போங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஏற்பாட்டாளர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: பிரமுகர்கள் வாழ்த்துரை முடிப்பதற்குள் கிழவர்களுக்குக் கால் மரத்துவிடும், பாதிப் பேர் மருந்து சாப்பிட எழுந்துவிடுவார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் பிறகு இருக்கட்டும். முதலில் மைக்கை அந்தப் பெரியவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.