பிரவுன் ஏல் கருகிக் கசப்பது ஏன்?

வீட்டில் காய்ச்சிய பிரிட்டிஷ் பிரவுன் ஏல் (பழுப்புநிற பீர்) நல்ல நிறமாக வந்தும், கருகிய காபி போலக் கசக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்லேட் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திக் கருநிறமாக வறுத்த பார்லி, கூடிப்போயிருக்கும். 20 லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் தாராளம்.

இந்த பீரின் உயிரே கொட்டைப்பருப்பு வாசமும் டாஃபி இனிப்பும்தான். அதை 4 கிலோ மாரிஸ் ஆட்டர் (ஒரு பிரிட்டிஷ் பார்லி வகை) மால்ட்டும் 300 கிராம் கிரிஸ்டல் (கேரமல் இனிப்புள்ள) மால்ட்டும் தரும். மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவை 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறட்டும். சூடு இன்னும் ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, பீர் கனத்துவிடும்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுக்கு ஃபகிள் வகை போதும், வடித்த நீர் கொதிக்கத் தொடங்கும்போதே பெரும்பகுதியைப் போடுங்கள். கடைசியில் அள்ளிப் போட்டால் மால்ட்டின் மணம் அமுங்கிப்போகும், எனக்கு அது பிடிக்காது. அப்புறம் ஆறியதும் ஆங்கில ஏல் ஈஸ்ட் சேர்த்து, 18–20 டிகிரியில் நொதிக்க விடுங்கள்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் 1927இல் வந்த பிரவுன் ஏல் செம்பழுப்பு நிறம்தான். கருமை கட்டாயமில்லை.