தாயைப் போலவே பிள்ளை வந்தால் கலப்பு தோற்றதா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். பாட்டி காலத்திலிருந்து எங்கள் வேலியோரம் முளைத்துவரும் காசித்தும்பை இடுப்புயரம் போகும். கரும் ஊதா, ஒற்றைப் பூ. பொட்டலத்தில் வாங்கிய இன்னொரு ரகம் ஒரு சாண் உயரத்திலேயே ரோஸ் நிறத்தில் அடுக்காகப் பூக்கிறது. பாட்டியின் ஊதாவில் குட்டையான அடுக்குச் செடி வேண்டும் என்று, ஊதாப் பூவில் ரோஸ் பூவின் மகரந்தத்தைத் தடவினேன். அந்த விதையில் வந்த 12 செடிகளும் நெட்டை, ஒற்றை, ஊதா. கலப்பு தோற்றுவிட்டதா? நியூ கினி இம்பேஷன்ஸோடு சேர்த்துப் பார்க்கலாமா? புது ரகம் கிடைத்தால் என் பெயரில் பதிய முடியுமா?

பதில்: அந்த 12 செடிகளை நேரில் பார்த்தாலும் என்னால் சொல்ல முடியாது. நெட்டையும் ஒற்றையும் ஊதாவும் ஓங்கிய குணங்களாக, அதாவது கலப்பில் எதிர்க்குணத்தை மறைத்துத் தான் வெளிப்படுபவையாக இருந்தால், கலப்பில் பிறந்த பிள்ளை தாயைப் போலத்தான் இருக்கும். தாய் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் கண்ணால் பிரிக்க வழியில்லை.

அதனால் அடுத்த முறை திருப்பிப் போடுங்கள். ரோஸ் குட்டை தாயாகட்டும், ஊதா தந்தையாகட்டும். வரும் நாற்றுகளில் நெட்டையாக எழும்பி ஒற்றை ஊதாவாகப் பூப்பது நிச்சயம் கலப்பு. குட்டையாகவே நிற்பதைத் தயங்காமல் பிடுங்கிவிடலாம்.

பூவை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மகரந்தப்பைகள் ஐந்தும் ஒட்டி, குட்டித் தொப்பி போலச் சூற்பையின் தலையை மூடியிருக்கும். பூ விரிந்து ஓரிரு நாள் கழித்துத் தொப்பி உதிர்ந்த பிறகே சூல்முடி வெளியே தெரியும். ஆகவே ஒரு பூ தன்னைத்தானே கருவுறச் செய்வது அரிது. ஆனால் பக்கத்துக் கிளையில் அதே செடியின் இளம்பூ இருக்கும், தேனீயும் இருக்கும். நீங்கள் ஏமாந்திருந்தால் இங்கேதான். நாளை விரியப்போகும் மொட்டைத் திறந்து, சின்ன இடுக்கியால் தொப்பியைக் கழற்றிவிட்டு, கொசுவலைத் துணியால் மூடுங்கள். சூல்முடி பக்குவப்பட்டதும் தந்தைப் பூவின் தொப்பியை அதன்மேல் மெல்லத் தேயுங்கள். அடுக்குப் பூவில் இதழ்கள் நெருக்கிக்கொண்டிருக்கும். உள்ளிதழ் இரண்டைக் கத்தரித்தால் கை நுழையும். பனி இறங்கி இதழ் ஈரமாயிருக்கும் காலையில் செய்யாதீர்கள். நனைந்த மகரந்தம் வீண்.

இப்போதுள்ள 12 செடிகளையும் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றையும் வலைக்குள் வைத்து, அதன் இளம்பூ மகரந்தத்தை அதன் முதிர்ந்த பூவிலேயே தடவி, செடிவாரியாக விதை எடுங்கள். ஒரு செடியின் விதையில் 16 நாற்று வளர்த்தும் ஒரு குட்டைகூடத் தலைகாட்டாவிட்டால், அந்தச் செடி கலப்பில்லை என்று 99 சதவீதம் நம்பலாம்.

நீங்கள் தேடும் குட்டை ஊதா அடுக்கு ஒளிந்திருப்பது பேரன் பேத்தி தலைமுறையில்தான், அதாவது கலப்புச் செடியை அதன் மகரந்தத்தாலேயே காய்க்க வைத்து எடுத்த விதையில். குணத்துக்கு ஒரு மரபணு என்று வைத்தால், 64 செடிக்குச் சராசரியாக 3 அப்படி வரும். 63 செடி நட்டால் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு; 96 நட்டால் 99. பத்துத் தொட்டியோடு நிறுத்துபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். கிடைத்தவற்றில் குட்டையும் அடுக்கும் அப்போதே நிலைத்துவிடும். ஊதா அப்படியில்லை, மூன்றில் இரண்டு செடிகள் உள்ளே ரோஸை வைத்திருக்கும். அடுத்த தலைமுறையில் செடிக்கு 16 நாற்று, தனித்தனி வரிசை. ரோஸ் ஒன்று எட்டிப் பார்த்தாலும் அந்த வரிசையை விடுங்கள். இலை, கிளைப்பு போன்ற மற்ற குணங்களின் கலப்படம் தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். கலப்புச் செடியை முதல் தலைமுறையாக எண்ணினால், ஆறாம் தலைமுறையில் 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என்று விதைத்தால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை போதும்.

காய் விஷயத்தில் நான் பட்டது உண்டு. கொழுத்து வெளிறிய காயை மறுநாள் பறிக்கலாம் என்று விட்டேன். காலையில் ஐந்து தோலும் சுருண்டு கிடந்தது, விதை ஒன்றுகூட இல்லை. அந்த வருடக் கலப்பு அத்தோடு போனது. இப்போதெல்லாம் காய் பருக்கத் தொடங்கியதுமே பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையைக் கட்டிவிடுகிறேன். பெயர் அட்டையில் பென்சிலால் எழுதுகிறேன். பேனா மை மழையில் கரைந்துவிடுகிறது.

நியூ கினியை மறந்துவிடுங்கள். 1970இல் பப்புவா நியூ கினியிலிருந்து அமெரிக்கர்கள் சேகரித்துப் போன செடிகளின் வழிவந்தவை அவை. அவற்றுக்கு 32 குரோமோசோம், காசித்தும்பைக்கு 14. தோட்டத்தில் தடவினால் விதை பிடிக்காது.

பதிவுக்கு 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. மற்ற ரகங்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், செடிக்குச் செடி ஒன்றாக இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் மாறக் கூடாது. கிடைத்தால் இவ்வகைப் பயிருக்கு 15 ஆண்டு உரிமை. ஆனால் அரசு அறிவித்த இனங்களுக்கு மட்டும்தான் பதிவு. காசித்தும்பை அதில் இருக்கிறதா என்று, இந்தச் சட்டப்படி பதிவைக் கவனிக்கும் ஆணையத்தின் பட்டியலை முதலில் பாருங்கள். அதுவரை கோடை விழாவுக்கு வருகிறவர்கள் கேட்டாலும் ஒரு தொட்டிகூட விற்காதீர்கள். விற்க ஆரம்பித்து ஓராண்டு தாண்டிவிட்டால் அந்த ரகம் சட்டத்தின் கண்ணில் புதிதில்லை.