டீச்சரைக் கேளுங்கள்: "உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க"

(தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் உயிரியல் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

டீச்சர், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 'பயாஸ்', 'பிரஜுடிஸ்' என்று பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். முடிந்து வெளியே வரும்போது இரண்டும் ஒன்றாகவே குழம்பிவிட்டது. வித்தியாசம் என்ன? — வாசகி, ஓசூர்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி காலையில் டிவியில் ஓடினால், அன்று சேலம் போகவேண்டிய பிள்ளையை "நாளைக்குப் போயேன்" என்று நிறுத்தி வைக்கிற அம்மாக்கள் நம்ம பக்கத்தில் உண்டு. முந்தின நாளும் அதே இறக்கம், அதே வளைவுதான். கவிழ்ந்த லாரி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு டிரைவர் மேல் கோபம் இல்லை, யார் மேலும் பகை இல்லை. யாரையும் வெறுக்காமலே கணிப்பு ஒரு பக்கமாகச் சாய்வதைத்தான் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் வகை பிரித்து எழுதினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்குள் இறந்துவிட்டார். இருந்திருந்தால் பாதி அவருடையது என்பது என் கட்சி.

இந்தச் சாய்வுதான் 'பயாஸ்'. உங்கள் ஆபீஸில் இது எப்படி வரும்? தான் படித்த பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு பையன் வந்தால் மேனேஜருக்கு முகம் மலரும். "அந்த லேப் சார் இன்னும் இருக்காரா?" என்பார். அடுத்து வருகிற கேள்வியும் லேசாகிவிடும். மற்ற பையன் மேல் அவருக்கு ஒரு துளி வெறுப்பு கிடையாது. ஆனாலும் வேலை கைநழுவியது அவனுக்குத்தான்.

'பிரஜுடிஸ்' என்கிற தப்பெண்ணத்துக்கு இது போதாது. அதற்கு ஒரு கூட்டம் வேண்டும்; ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்தின் மேல் எழுதி முடித்த தீர்ப்பும் வேண்டும். ஓசூரில் வீட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: "வடக்கத்திப் பசங்களுக்கு வீடு விடறதில்ல, குப்பையா வெச்சுருவாங்க." வேறு ஆள் கிடைக்காத மாதத்தில் ஒடிசா பையன் ஒருவனுக்கு விடுகிறார். வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாடகை அஞ்சாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. இப்போது என்ன சொல்வார்? "இவன் மட்டும் வேற மாதிரி." கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இந்த வித்தையைக் கவனித்திருக்கிறார். வேலியை ஒரு ஆள் அளவுக்குத் திறந்து அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, உடனே பழையபடி அடைத்துக்கொள்வது என்று அவர் சொன்னார்.

நான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். எதிரான சான்று வந்து நின்றால் ஆள் என்ன செய்கிறார்? சாய்வு மட்டும் உள்ளவரிடம் "சார், போன வருஷம் எடுத்த எல்லாருமே உங்க காலேஜ்" என்று பட்டியலை நீட்டினால், "அடடே, அப்படியா!" என்பார். தப்பெண்ணக்காரர் பட்டியலிலேயே குறை கண்டுபிடிப்பார்.

வெளியே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிட தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயர்களுக்கு இன்னும் குறைவு. கவரைப் பிரித்தவர் வெறுத்து ஒதுக்கினாரா, பழகிய பெயரைப் பார்த்ததும் கை தானாக அங்கே போனதா? அழைப்பு வராதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது கண்ணு, வைத்தியம் வேறு வேறு என்பதால்.

சாய்வுக்கு ஏற்பாடே பாதி மருந்து. விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுக்கும்போது பெயர், போட்டோ, சொந்த ஊர் மூன்றையும் மறையுங்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஆள் வெளியே போனதும் மார்க் எழுதிவிட வேண்டும். சாயங்காலம் கூடி உட்கார்ந்து போடக் கூடாது. தப்பெண்ணக்காரரிடம் இதெல்லாம் பலிக்காது. பெயரை மறைத்தால், "எந்த ஊருப்பா? ஊர்ல எந்தத் தெரு?" என்பார். எந்தத் தெரு என்று எதற்குக் கேட்கிறார்கள் என நம்ம மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுத்தில் போடுங்கள். மீறினால் நேர்காணல் அறையில் அவருக்கு நாற்காலி போடாதீர்கள்.

எனக்கு எல்லா சாதியிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தப்பெண்ணம் கிடையாது என்று சொல்லிக்கொள்ளலாமா? — வாசகர், கிருஷ்ணகிரி

சொல்லிக்கொள்ளுங்கள், அதற்கு வரி இல்லை. அந்த நண்பர்கள் உங்கள் வீட்டில் எதுவரை வந்திருக்கிறார்கள்? திண்ணை வரையா, அடுப்படி வரையா? உங்கள் மாடி போர்ஷன் காலியானபோது அவர்களில் யாருக்காவது முதலில் போன் போட்டீர்களா?

பழக்கம் இருந்தாலே போதும் என்பது சரியில்லை. என்ன மாதிரிப் பழக்கம் என்பதும் கணக்கு. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் லீக் நடத்தி 2021-ல் முடிவை வெளியிட்டார். பல சாதிப் பையன்கள் ஒரே அணியில் சேர்ந்து ஆடியபோது சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தபோது அந்தப் பலன் வரவில்லை.

என் மகனுக்கு 22 வயது, டிப்ளமோ முடித்திருக்கிறான். வெளியூரில் ஒரு பெரிய கடையில் இன்டர்வியூ. அவன் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையைப் பார்த்து, "புகையிலை போடுவியா?" என்று கேட்டார்களாம். "எங்க ஊர்த் தண்ணியால வந்தது சார்" என்றிருக்கிறான். "உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் இப்போது வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறான் டீச்சர். — ஒரு தாய், பாலக்கோடு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் பாடம் எடுத்த வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பல்லோடுதான் சிரித்தார்கள்.

காரணத்தை மகனுக்கு முழுசாகச் சொல்லிக்கொடுங்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம்ம பக்கம் பாறைக்குள் இறங்கிய போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டும். பல் முளைத்த பிறகு ஒட்டிய அழுக்கு இல்லை இது. ஈறுக்குள்ளே எனாமல் உருவாகும்போதே, ஏறக்குறைய எட்டு வயதுக்குள், இந்தக் கறை படிந்துவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் திறந்தது 2013-ல். அதற்குள் உங்கள் மகனின் முன்பற்கள் உருவாகி முடிந்துவிட்டன. தப்பு அவனுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

அந்த மனிதர் முதலில் கேட்டதைக்கூட மன்னிக்கலாம். கறைப்பல் என்றால் புகையிலை என்று அவர் கண் பழகியிருக்கிறது. தெரியாமல் சாய்ந்த கணிப்பு. இரண்டாவது பேச்சைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரே மாவட்டத்திலிருந்து வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னால், மூளை உள்ளவன் "அங்கே தண்ணீரில் ஏதோ இருக்கிறது" என்று நினைப்பான். இவருக்கு அதுவே எல்லாரும் கூடிப் பேசி வைத்த பொய்யாகத் தெரிகிறது. சான்று கூடக் கூடத் தீர்ப்பு இறுகுகிறது. மேலே ஓசூர்ப் பெண்ணுக்குச் சொன்ன வீட்டுக்காரர் ஒரு ஆளையாவது உள்ளே விட்டார். இவர் அதையும் செய்யவில்லை.

பல்லைச் சரிசெய்ய வழி உண்டு. கறை லேசாக இருந்தால் மேற்பரப்பை மெல்ல இழைத்து எடுப்பார்கள், அதிகம் என்றால் மேலே பூச்சோ மெல்லிய ஓடோ போடுவார்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் முதலில் காட்டுங்கள். ஆனால் அவனுக்கு ஆசை இருந்தால் மட்டும். நீங்கள் இழுத்துக்கொண்டு போனால், அந்தக் கடைக்காரர் சொன்னது சரி என்று நீங்களே கையெழுத்துப் போட்டது போல் ஆகிவிடும். அடுத்த இன்டர்வியூவில் யாராவது கேட்டால், "ஃபுளோரோசிஸ் சார், குழந்தையில குடிச்ச தண்ணி" என்று நிமிர்ந்து சொல்லட்டும். கேட்டுத் திருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தும்போது பெயரைப் பார்த்ததுமே "இவன் இவ்வளவுதான் எழுதுவான்" என்று தோன்றிவிடுகிறது. எந்தப் பிள்ளை மேலும் எனக்கு வெறுப்பு இல்லை. என்ன செய்வது? — ஆசிரியர், அரூர்

வெறுப்பு இல்லை என்பதை நம்புகிறேன். அதனால் மார்க் குறையாது என்பதை நம்ப மாட்டேன். ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். விடைத்தாள்களின் முகப்பில் வயது, சாதி, பாலினம் ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்டவர் என்று முகப்பில் இருந்த தாள்களுக்குக் கொஞ்சம் குறைவான மார்க் விழுந்தது. பெரிய வித்தியாசம் இல்லைதான். தூக்கிவாரிப்போடும் விஷயம், அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. "நானும் அங்கிருந்து வந்தவன், என்னிடம் எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கட்டின் ஆரம்பத்தில் திருத்திய தாள்களில் இந்தக் குறைப்பு அதிகமாகத் தெரிந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். எது நல்ல விடை என்ற அளவு கையில் பிடிபடாத நேரத்தில் கண் பெயரைத் தேடுகிறது. ஆகவே நாலைந்து தாள்களை மார்க் போடாமல் சும்மா படித்துவிட்டு அப்புறம் சிவப்புப் பேனாவை எடுங்கள். பொதுத்தேர்வில் முகப்புத்தாளைக் கிழித்துவிட்டுத்தான் திருத்த அனுப்புகிறார்கள்; வகுப்பில் அதற்கு வசதியில்லை. பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்தி முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள், முதல் விடையில் விழுந்த நல்ல பேரோ கெட்ட பேரோ கடைசிவரை கூடவே வராது.

கூட்டல் போட்டு முடித்த பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். எந்தப் பெயரைப் பார்த்ததும் "அட, இவனா!" என்று வருகிறதோ, அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அரையாண்டு வரைக்கும் குறித்துவிட்டு, அந்தப் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள் சார்.