‘எல்லாம் சுத்திக் காட்டறேன்’ என்றால், எதையெல்லாம் என்று கேளுங்கள்

லீவு விட்டாலே ஊர் சுற்றும் கேள்விகள் வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றி: ஒரு ஊரின் பழைய கோயில், கோட்டை, கட்டடங்களை ஒரே நாளில் ஆட்டோ பிடித்துப் பார்ப்பது, அதற்கு என்ன கொடுப்பது, ஏமாறாமல் திரும்புவது எப்படி. நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கோபியில் இருந்து எழுதுகிறேன். அப்பாருக்கு 78 வயது, ஆத்தாவுக்கு 72. ஆஸ்பத்திரிக்கும் கல்யாண ஜவுளிக்கும் போன ஊராகத்தான் இருவருக்கும் கோயமுத்தூரைத் தெரியும். ஒரு நாள் நிதானமாகப் பழைய இடங்களைக் காட்டலாம் என்று நினைக்கிறோம். நானும் மனைவியும் சேர்த்து நாலு பேர். காந்திபுரத்தில் விசாரித்தபோது ஒரு ஆட்டோக்காரர், “காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் எல்லாம் சுத்திக் காட்டறனுங்க, 2500 குடுங்க” என்கிறார். இது நியாயமான விலையா?

பதில்: விலைக்கு முன்னால் தலையை எண்ணுங்கள். ஆட்டோவில் டிரைவர் போக மூன்று பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் நாலு பேர். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால், வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைத்தான் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்வார்கள். வயதானவர்களை நெருக்கி உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றுவது சுகமும் இல்லை.

இனி விலை. உக்கடம், டவுன்ஹால், பேரூர், ஆர்.எஸ்.புரம், அவிநாசி ரோடு என்று எப்படிச் சுற்றினாலும் 40 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கணக்குப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமே. 2013-ல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12, காத்திருக்க 5 நிமிடத்துக்கு 3.50. இதன்படி 40 கிலோமீட்டருக்கு 483 ரூபாய். ஐந்து மணி நேரம் காத்திருந்தால் 210. மொத்தம் 700-கூட வரவில்லை. அந்த ரேட்டுக்கு இன்றைக்கு வண்டி எடுக்கச் சொல்வது அநியாயம், 2013-க்கு அப்புறம் பெட்ரோல் விலை எங்கேயோ போய்விட்டது. அப்படியே இரண்டு மடங்காக்கினால் 1400. மற்ற சவாரிகளை விட்டுவிட்டு நாள் முழுக்க உங்களோடு நிற்கிறார், அதற்கும் சேர்த்து 1800 வரை கொடுக்கலாம் என்பது என் கருத்து. 2500 கொஞ்சம் ஓவர்.

ஆனால் உங்களுக்கு இரண்டு ஆட்டோ தேவைப்படும். அப்படியானால் கால் டாக்ஸிக்காரர்களிடம் ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்ற லோக்கல் பேக்கேஜ் கேளுங்கள். இரண்டு ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே முடியும், அப்பாரும் ஆத்தாவும் கால் நீட்டி உட்காரலாம். மூன்று பேராக இருந்தால் ஆட்டோவே மேல் என்பேன். டவுன்ஹால் பக்கத்துச் சந்துகளில் காரை வைத்துக்கொண்டு திண்டாடுவதற்கு ஆட்டோ எவ்வளவோ தேவலை.

அந்த ‘எல்லாம்’ என்ற வார்த்தையில்தான் காசு கரையும். எந்தெந்த இடம் என்று பேர் சொல்லச் சொல்லுங்கள். சிலருடைய பட்டியலில் இரண்டு கோயில், ஒரு மால், அப்புறம் ‘ஹோல்சேல் விலைக்குத் தரும்’ சேலைக்கடை ஒன்று இருக்கும். நீங்களே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் காலையில் முதலில் பேரூர். பகல் ஒரு மணியை ஒட்டி நடை சாத்திவிட்டால் மறுபடி நாலு மணிக்கு மேல்தான். நிறைய ஆட்டோக்காரர்கள் டவுனுக்குள் சுற்றிவிட்டுப் பன்னிரண்டரைக்குப் பேரூருக்குக் கொண்டுபோய் விடுவார்கள், கும்பிட்டு நிமிர்வதற்குள் மணியடித்துவிடும். பட்டீஸ்வரர் கோயிலில் பார்க்க வேண்டியது கனகசபை மண்டபம். பதினேழாம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் எழுப்பியது. தூண் ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சிற்பம்: அகோர வீரபத்திரர், யானையை உரித்த சிவன், ஊர்த்துவ தாண்டவம், எதிரில் காளி. காளியின் விரல் நகம் வரைக்கும் கல்லில் தெரியும். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கல் சங்கிலி தொங்கும். இங்கே ஒரு மணி நேரமாவது வேண்டும். “சித்த நேரம் போதுமுங்க” என்று டிரைவர் அவசரப்படுத்தினால் அசையாதீர்கள், காத்திருப்புக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள்.

அப்புறம் டவுன்ஹால். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டி, 1892-ல் முடிந்த கட்டடம். பக்கத்திலேயே கோனியம்மன், மணிக்கூண்டு. கோட்டைமேடு என்றதும் அப்பாரு கோட்டையைத் தேடக்கூடும், முன்னாலேயே சொல்லிவையுங்கள்: 1791-ல் திப்புவின் படை முற்றுகையிட்ட கோட்டை அது, இன்றைக்குப் பேரும் ஈஸ்வரன் கோயிலும்தான் மிச்சம். மத்தியானம் நடை சாத்தும் நேரத்தை ஆர்.எஸ்.புரத்தில் வனக்கல்லூரி வளாகத்து காஸ் மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 1902-ல் ஆரம்பித்தது, யானை எலும்புக்கூட்டைப் பார்த்தால் ஆத்தா அசந்துபோவார். அரசு மியூசியங்களின் விடுமுறை நாளை முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அவிநாசி ரோடு கார் மியூசியத்துக்குத் திங்கள் லீவு.

வ.உ.சி. செக்கிழுத்த மத்திய சிறையையும் சிலர் பட்டியலில் சேர்ப்பார்கள். உள்ளே நினைத்த மாத்திரத்தில் போக முடியாது. டிரைவர் மதில் சுவரைக் காட்டி “இதுதானுங்க ஜெயில்” என்பார், ஒரு இடம் பார்த்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

பேசி முடித்ததும் அவர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். ஒரு ஆட்டோ என்றால் இப்படி: “நாளை காலை 8 முதல் மாலை 5 வரை. பேரூர், டவுன்ஹால், கோனியம்மன், கோட்டை ஈஸ்வரன், காஸ் மியூசியம். மொத்தம் 1800, பார்க்கிங், காத்திருப்பு எல்லாம் சேர்த்து. 5 மணிக்கு மேல் ஆனால் மணிக்கு 150. கடை எதுவும் வேண்டாம்.” அவர் ‘சரிங்க’ என்று போட்டால் போதும், பாதித் தகராறு அங்கேயே தீர்ந்தது. முன்பணம் பெட்ரோலுக்கு ஒரு 300, மிச்சம் இறங்கும்போது. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் கணக்குப் பார்க்காமல் டிரைவருக்கும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நம் பக்கம் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். அடுத்த மாதம் வேலையாக பாங்காக் போகிறேன், ஒரு நாள் சும்மா இருக்கும். 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தாலே டுக்-டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று நண்பர் சொல்கிறார். அவ்வளவு மலிவா?

பதில்: மலிவுதான், உங்கள் பங்கை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதால். அந்த ஊரில் இது பல வருஷமாக நடக்கும் வித்தை. எல்லோரும் பார்க்கப் போகும் கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல உடையில் ஒருவர் வந்து, “இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, ஏதோ பூஜை” என்பார். பக்கத்தில் தயாராக ஒரு டுக்-டுக் நிற்கும். சல்லிசான காசுக்கு இரண்டு புத்தர் கோயிலைக் காட்டிவிட்டு, நடுவில் ஒரு நவரத்தினக் கடை, அப்புறம் ஒரு தையல் கடை. டிரைவருக்கு அங்கே பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கிடைக்கும். ‘ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் இரட்டை விலை’ என்று தலையில் கட்டும் கல்லை இங்கே யாரும் அந்த விலைக்குத் தொட மாட்டார்கள். பனியன் ஊர்க்காரரைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போய் ஏமாற்றுவது சிரமம்தான், ஆனால் அரை நாள் வீணாகிவிடும்.

அரண்மனை வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள், ரோட்டில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். அரைக்கால் டவுசரோடு உள்ளே விடமாட்டார்கள்.

உண்மையில் அங்கே நாள் முழுக்க டுக்-டுக் தேவையே இல்லை. 1782-ல் கட்டத் தொடங்கிய அரண்மனையும், 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர் உள்ள வாட் போ கோயிலும் பக்கம் பக்கம், நடந்தே போகலாம். வாட் அருண் கோயில் ஆற்றுக்கு அக்கரையில், தா தியன் படித்துறையில் சில பாட் கொடுத்துப் படகில் தாண்டலாம். டுக்-டுக் வேண்டுமென்றால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மட்டும் எடுங்கள். மீட்டர் கிடையாது, ஏறும் முன் விலை பேசி, இறங்கிய பின் கொடுங்கள். தகராறானால் டூரிஸ்ட் போலீஸ் எண் 1155. நேரமிருந்தால் பெரிய ஊஞ்சல் நிற்கும் இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. நம் திருவெம்பாவை மார்கழியில் அங்கே இன்னும் ஓதப்படுகிறது. ஜெம் கடைக்குப் போகும் நேரத்தில் அதைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஜெய்ப்பூரில் ஒரு நாள் டுக்-டுக் டூருக்கு ஆன்லைனில் முழுப் பணமும் கட்டினேன். அன்று காலை வண்டியே வரவில்லை. கேட்டால் ‘பணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையில் இருக்கிறது’ என்கிறார்கள். நான் கரூரில் இருக்கிறேன், ராஜஸ்தானுக்கா அலைய முடியும்?

பதில்: அலைய வேண்டாம். வரவேண்டிய வண்டியை அனுப்பாமல் விட்டது அவர்கள் தப்பு. நீங்கள் ரத்து செய்தால் பணம் இல்லை என்ற விதி இதற்குப் பொருந்தாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும்.

வராவிட்டால் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் வந்த பிறகு புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போட வழி இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். பணம் கட்டிய ரசீது, அன்று காலை நீங்கள் செய்த போன், அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மறுபடி ஜெய்ப்பூர் போனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதிரி டூர் விலையில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சேராது. ஆமேர் கோட்டை, ஹவா மஹால், ஜந்தர் மந்தர் ஆகியவற்றுக்குச் சேர்த்து அரசே கூட்டு டிக்கெட் தருகிறது. சிட்டி பேலஸுக்குத் தனி டிக்கெட், அது அரச குடும்பத்துடையது.

கேள்வி: வணக்கமுங்க. நான் ஈரோட்டுல ஆட்டோ ஓட்டறனுங்க. வெளியூருக்காரங்க வந்தா ஈரோட்டுல பார்க்க என்ன இருக்குதுன்னு கேக்கறாங்க. நானே ஒரு நாள் டூர்னு போட்டா ஓடுமுங்களா? எப்படி விலை வைக்கறது?

பதில்: தாராளமாக ஓடும். ஈரோட்டை ஜவுளிச் சந்தை என்று மட்டுமே தெரிந்தவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். 1887 டிசம்பர் 22-ல் கணிதமேதை ராமானுஜன் பிறந்த ஊர் இது என்று சொன்னாலே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள், கும்பகோணம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பெரியார், அண்ணா நினைவகம், பிரப் ரோட்டுச் சர்ச், கோட்டையில் ஈஸ்வரன் கோயில், பெருமாள் கோயில், இதெல்லாம் ஒரு காலை நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

பிற்பகலுக்குப் பவானி. பதினஞ்சு கிலோமீட்டர்தான். ஆறுகள் கூடும் கூடுதுறையைக் காட்டுங்கள். அப்புறம், கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ என்ற வெள்ளைக்காரர் 1804-ல் வேதநாயகி அம்மனுக்குத் தந்தத்தில் கட்டில் செய்து கொடுத்த கதையைச் சொல்லுங்கள். தூங்கும்போது அம்மன் வந்து எழுப்பியதாகவும், வெளியே வந்ததும் பங்களாக் கூரை இடிந்து விழுந்ததாகவும் சொல்வார்கள். பக்கத்திலேயே காலிங்கராயன் அணைக்கட்டு. அங்கே புறப்படும் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடி இன்றைக்கும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் தண்ணி கொடுக்கிறது. கொடுமுடியை இதோடு சேர்க்காதீர்கள், அது எதிர்த்திசை. சங்ககிரி மலைக்கோட்டையும் வேண்டாம். அது சேலம் மாவட்டம், உங்கள் பெர்மிட்டில் எல்லை எதுவரை என்று பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஏறவே அரை நாள் ஆகும்.

விலையைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் வண்டிக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஒரு கெட்டி அட்டையில் இடங்கள், நேரம், மொத்தத் தொகை, கூடுதல் மணிக்கு எவ்வளவு, மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று அச்சடித்து சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். ‘பார்த்துப் போட்டுக் குடுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைக்குக் கூட்டிப் போனால் கமிஷன் தருகிறேன் என்று ஜவுளிக்காரர்கள் வருவார்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் கடை நிறுத்தம் உண்டென்றால் அதையும் அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.