கொழுந்தனாரின் பென்சில் குறி

கேள்வி: நான் ஓய்வு பெற்ற நூலகர். அறிவொளி இயக்க காலத்திலிருந்தே பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். அந்த நல்ல பெயரில்தான் கவுன்சிலராக ஜெயித்தேன். ஆனால் மன்றத்தில் என் பேச்சை யாரும் மதிப்பதில்லை. அஜெண்டா, வார்டு பேப்பர் எல்லாம் கொழுந்தனார் படித்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுவார். அதில் எனக்குச் சிரமமில்லை. ராஜினாமா செய்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், தர்மபுரி

பதில்: மதிப்பில்லை என்ற புலம்பல் எனக்குப் பழகிப்போனது. கவுன்சிலரம்மாக்கள் பாதிப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். போகிற போக்கில் ஒரு பென்சில் குறியைச் சொன்னீர்களே, அதைப் பேசுவோம்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி உங்கள் மாவட்டம். அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், 'படிக்காத தாளில் கை வைக்காதீங்க' என்று சொல்லாமலா இருந்திருப்பீர்கள்? அந்தப் பெண்கள் வழியில்லாமல் கைநாட்டு வைத்தார்கள். உங்களுக்கு என்ன கேடு?

சபையில் மதிப்பு எப்படி வரும்? உங்களிடம் என்ன பேப்பர் வந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. கொழுந்தனாருக்குத்தான் தெரியும். அதிகாரிகளும் அவருக்குத்தானே போன் போடுவார்கள்!

குடும்பத்தில் விட்டுக்கொடுப்பதைக் குறை சொல்பவள் இல்லை நான். நிலம், நகை, கல்யாணச் செலவு, எதையும் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். வார்டு உங்கள் வீட்டுச் சொத்து இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் போட்டது கொழுந்தனார்கள் உட்காரவா? உங்கள் கணவர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பியிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ராஜினாமா வேண்டாம். அடுத்த அஜெண்டா நேராக உங்கள் கைக்கு வரட்டும். அன்று சமையலை அவர்கள் பார்க்கட்டும், கெட்டுப்போகாது. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். அப்புறம் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 1948ஆம் வருடச் சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வசூலாகிறது. பல ஊர்களில் அதை வாங்கிவிட்டு நூலகத்துக்குக் கொடுக்காமல் பாக்கி வைக்கும் கதை, நூலகரான உங்களுக்குத் தெரியாததா? நம் நகராட்சியில் எவ்வளவு வசூல், எவ்வளவு கட்டியாயிற்று என்று கேளுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.